வாயேஜருக்கு யார் பெட்ரோல் போடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: “1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றனவாம். என் செல்போன் பேட்டரி இரண்டே வருஷத்தில் உப்பிவிடுகிறது. அங்கே பெட்ரோல் பங்க் இல்லை, மெக்கானிக் இல்லை, வெயிலும் இல்லை. ஐம்பது வருஷமாக இன்ஜின் எப்படி ஓடுகிறது?”

இன்ஜின் ஓடவே இல்லை. இந்தக் கேள்வியில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. நகர்வது வேறு, உயிரோடு இருப்பது வேறு. வாயேஜர் நகர்வதற்கு இன்றைக்கு ஒரு சொட்டு எரிபொருளும் செலவாகவில்லை. மின்சாரம், எரிபொருள் என்று அதனிடம் மிச்சமிருப்பதெல்லாம் நம்மோடு பேசுவதற்கும் குளிரில் விறைக்காமல் இருப்பதற்கும்தான் போகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கிறது என்பது சாலையும் காற்றும் நமக்குப் பழக்கிவிட்ட நினைப்பு. கேரம் போர்டில் பவுடர் குறைவாக இருந்தால் காய் பாதியில் நிற்கிறது, நன்றாகத் தூவிவிட்டால் எதிர் ஓரம் வரை வழுக்குகிறது. உராய்வு என்பதே இல்லாத, ஓரமும் இல்லாத போர்டு ஒன்று இருந்தால் ஒரே ஒரு சுண்டு போதும். விண்வெளி ஏறக்குறைய அப்படிப்பட்ட போர்டு. வாயேஜர் 1 இன்று சூரியனைவிட்டு நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது. அந்த வேகத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 40 நிமிஷம் போதும்.

சூரியன் பின்னாலிருந்து இழுக்கவில்லையா என்றால், இழுக்கிறது. ஆனால் கலம் இருப்பது பூமி-சூரியன் தொலைவைப்போல 160 மடங்குக்கும் அப்பால். அங்கே சூரியனின் பிடி எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு நொடிக்கு 7 மீட்டர் அளவுக்கு வேகம் குறைகிறது. கையில் இருப்பதோ நொடிக்கு 17,000 மீட்டர். அந்தத் தொலைவில் சூரியனின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு 3.3 கிலோமீட்டர் வேகம் இருந்தாலே போதும். ஆகவே அது திரும்பி வரும் பேச்சே இல்லை.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது? டைட்டன்-சென்டார் ராக்கெட் கொடுத்தது ஒரு பங்குதான். அதை மட்டும் நம்பியிருந்தால் கலம் வியாழனின் பாதையைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய், மேலே எறிந்த கல் விழுவதுபோல மறுபடி சூரியனை நோக்கித் திரும்பியிருக்கும். மீதியைக் கொடுத்தது வியாழன். மேம்பாலம் ஏறும்போது லாரியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போகும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள் (செய்யாதீர்கள்!). பையனுக்கு வேகம் கூடுகிறது. லாரிக்கு அதனால் ஏற்படும் நஷ்டம் டிரைவருக்கே தெரியாது. வியாழன் சூரியனைச் சுற்றி நொடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரி, அதன் ஈர்ப்புதான் பையன் பிடித்திருக்கும் கொக்கி. கலம் அதன் பின்புறமாக நெருங்கி வளைந்து வெளியேறும்போது, சூரியனை வைத்துப் பார்த்தால் வேகம் தடாலடியாக ஏறியிருக்கும். வியாழன் இழந்தது லட்சம் கோடி ஆண்டுக்கு ஓர் அடி என்று சொல்வார்கள்.

வாயேஜர் 1 இப்படி 1979 மார்ச்சில் வியாழனையும் 1980 நவம்பரில் சனியையும் கடந்தது. வாயேஜர் 2 வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று நான்கையும் தொட்டது. நெப்டியூனைக் கடந்தது 1989 ஆகஸ்ட் 25-இல். நான்கு கிரகங்களும் அப்படித் தோதாக அமைவது 175 வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்த வாய்ப்பைப் பிடிக்கத்தான் 1977-ஐ விடாமல் கிளம்பினார்கள். 2006-இல் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பூமியைவிட்டுப் புறப்பட்டபோது இவற்றைவிட வேகமாகத்தான் புறப்பட்டது. ஆனால் வாயேஜர் 1-க்கு வியாழனும் சனியும் சேர்ந்து கொடுத்த தள்ளு அதற்கு வாய்க்கவில்லை. முன்னவரை அது ஒருநாளும் எட்டாது.

நகர்வு பற்றிய பாதி இத்தோடு முடிந்தது. மின்சாரம் பற்றிய பாதிதான் சுவாரசியம்.

முதலில் சோலார் ஏன் ஆகாது? தொலைவு இரண்டு மடங்கானால் வெயில் நாலில் ஒன்றாகும். பூமிக்கருகே ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் விழுகிறது. வியாழனில் அது 50 வாட்டாகிவிடும், நெப்டியூனில் ஒன்றரை வாட். வாயேஜர் 1 இருக்கும் இடத்தில் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு. வியாழன் வரைக்கும் முக்கிமுனகி சோலாரில் ஓட்டலாம் என்பதை ஜூனோ விண்கலம் காட்டியது. ஒவ்வொன்றும் 9 மீட்டர் நீளமுள்ள மூன்று இறக்கைகள். பூமிக்கருகே 14 கிலோவாட் தரக்கூடியவை, வியாழனில் கொடுத்தது 500 வாட் அளவுக்குத்தான். அதற்கப்பால் இறக்கையைப் பெரிதாக்கிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

பேட்டரியும் ஆகாது. வேதிப்பொருளில் அடைத்துவைத்த ஆற்றல் மாதக்கணக்கில்கூடத் தாங்காது. ஆகவே கூடவே ஓர் அடுப்பைக் கொண்டுபோனார்கள், அணையாத அடுப்பு. அதன் பெயர் ஆர்.டி.ஜி., அதாவது கதிரியக்க வெப்ப மின்னாக்கி. அணு என்றதும் கூடங்குளம் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே சங்கிலித் தொடர்வினை கிடையாது, கட்டுப்பாட்டுக் கழி கிடையாது, ஆன்-ஆஃப் சுவிட்சும் கிடையாது. புளூட்டோனியம்-238 என்ற உலோகம் தானாகவே சிதைகிறது. சிதையும்போது ஆல்பா துகளைத் துப்புகிறது. அந்தத் துகள் உலோகத்துக்குள்ளேயே முட்டி நின்று, அந்த இடத்தைச் சூடாக்குகிறது. ஒரு கிராம் சுத்த புளூட்டோனியம்-238 அரை வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம் தரும். குண்டு தயாரிக்கப் பயன்படுவது 239, இது வேறு. ஆல்பா துகளைத் தடுக்க ஒரு காகிதம் போதும் என்பதால் இதே 238-ஐ 1970-களில் மனிதர்களின் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கராகவே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

வாயேஜர் ஒவ்வொன்றிலும் இப்படி மூன்று மின்னாக்கிகள். ஒவ்வொரு மின்னாக்கிக்குள்ளும் எலுமிச்சம்பழ அளவில் 24 உருண்டைகள். ஓர் உருண்டை 100 வாட் வெப்பம், பழைய மஞ்சள் குண்டு பல்பு கணக்கு. மூன்றும் சேர்ந்து கிளம்பும்போது 7,200 வாட் வெப்பம். அதிலிருந்து கிடைத்த மின்சாரம் 470 வாட். உங்கள் வீட்டு மிக்ஸியை ஓட்டக்கூட இது பத்தாது. வியாழனின் செம்பெரும் புள்ளியும், அதன் நிலவான அயோவில் எரிமலை கக்குவதும், சனியின் வளையங்களும் நமக்குப் படமாக வந்தது இந்த மின்சாரத்தில்தான்.

வெப்பத்தை மின்சாரமாக்க அங்கே டர்பைன் எதுவும் சுழலவில்லை. வகுப்பில் நான் இதைக் காட்டும் விதம் இது. ஒரு செம்புக் கம்பி, ஒரு கான்ஸ்டன்டன் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) கம்பி. இரண்டின் நுனியையும் இடுக்கியால் முறுக்கி மெழுகுவத்திச் சுடரில் பிடிப்பேன். மறுமுனைகளில் மில்லிவோல்ட் மீட்டர். முள் மெதுவாக எழும்பும். சுடரை ஊதி அணைத்தால் படுத்துவிடும். பையன்கள் “அவ்வளவுதானா சார்?” என்பார்கள். அவ்வளவுதான். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, நடுவில் இருவேறு பொருள், ஓடுவது எலக்ட்ரான். 1821-இல் சீபெக் என்ற இயற்பியலாளர் கண்டது. ஆர்.டி.ஜி.யில் செம்புக்குப் பதில் சிலிக்கான்-ஜெர்மானியம். ஒரு மின்னாக்கிக்கு 312 ஜோடி. உள்பக்கம் ஆயிரம் டிகிரி, வெளிப்பக்கம் முந்நூறு டிகிரி சொச்சம். நூறு பங்கு வெப்பத்தில் ஆறு ஏழு பங்குதான் மின்சாரமாகிறது. படுமோசமான மைலேஜ். ஆனால் தேய பேரிங் இல்லை, கிரீஸ் போட இடமில்லை, அறுந்துபோக பெல்ட் இல்லை. யாரும் போய்த் திறந்து பார்க்க முடியாத இடத்தில் மைலேஜைவிட அதுதான் முக்கியம்.

வீணாகும் வெப்பமும் சும்மா போகவில்லை என்பதற்கு ஒரு கிளைக்கதை. 1972-இல் போன பயோனியர் 10-உம் அதன் ஜோடி 11-உம் கணக்கில் வரவேண்டியதைவிடத் துளியூண்டு அதிகமாக வேகம் குறைந்தன. புது இயற்பியலா, ஈர்ப்பு விதியே தப்பா என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்தன. கடைசியில் 2012-இல் தெளிவானது: கலத்தின் சொந்தச் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் போகாமல் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகக் கதிர்வீசி, அந்த அழுத்தமே கலத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

சரி, அணையாத அடுப்பு என்றேனே, தணியவும் செய்யாதா? தணியும். புளூட்டோனியம்-238-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 87.7 ஆண்டு. அந்தக் கணக்கை மட்டும் போட்டால் 48 வருஷம் கழித்தும் 470 வாட்டில் 320 வாட் மிஞ்சியிருக்க வேண்டும். உண்மையில் 470-இல் பாதிகூட இல்லை. மீதி எங்கே போனது? பலபேர் இதைத் தவறவிடுகிறார்கள். குற்றவாளி எரிபொருள் இல்லை, அந்த வெப்ப மின்னிரட்டைகள்தான். ஆயிரம் டிகிரியில் நாற்பத்தெட்டு வருஷம் வெந்தால் எந்தப் பொருளின் உள்ளமைப்பும் கெடும். அடுப்பு தணியத் தணிய சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்குகிறது. எல்லாம் சேர்ந்து இப்போது வருஷத்துக்குச் சுமார் 4 வாட் போய்விடுகிறது. நாலு வாட் என்பது ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. வருஷா வருஷம் பென்ஷனில் இவ்வளவு பிடித்துவிடுவோம் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட மாதிரி.

ஆகவே ஐம்பது வருஷக் கதை என்பது பெரும்பாலும் சிக்கனக் குடித்தனத்தின் கதைதான். முதலில் கேமரா போனது. 1990 பிப்ரவரி 14-இல் வாயேஜர் 1 திரும்பிப் பார்த்துப் பூமியை ஒரு நீலப் புள்ளியாகப் படம் எடுத்தது. அதற்குப் பிறகு கேமராவை அணைத்துவிட்டார்கள், இருட்டில் எதைப் படம் எடுக்க? பிறகு ஹீட்டர்கள். 2019-இல் வாயேஜர் 2-இன் காஸ்மிக் கதிர்க் கருவியின் ஹீட்டரை நிறுத்தினார்கள். கருவியின் வெப்பநிலை மைனஸ் 59 டிகிரிக்கு இறங்கியது. நாற்பது வருஷத்துக்கு முன் ஆய்வகத்தில் மைனஸ் 45 வரைதான் சோதித்துப் பார்த்திருந்தார்கள். போனால் போகட்டும் என்றுதான் அணைத்தார்கள். கருவி அதுபாட்டுக்கு வேலை பார்த்தது.

2023-இல் செய்தது இன்னும் துணிச்சல். கலத்தில் மின்னழுத்தம் திடீரென்று ஏறி இறங்கினால் கருவிகளைக் காப்பாற்ற ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. அதற்கென்று கொஞ்சம் மின்சாரத்தை எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அஞ்சறைப்பெட்டி அடியில் ஒளித்துவைத்த பணம் மாதிரி. வாயேஜர் 2-இல் அதையே எடுத்து ஒரு கருவியை அணைப்பதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டார்கள். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜ் ஓட்டுவதற்குச் சமம்தான். ஆனால் நாற்பத்தைந்து வருஷமாக மின்னழுத்தம் பெரிதாக ஆடியதில்லை என்ற அனுபவம் பின்னால் இருந்தது. அந்தப் பணமும் தீர்ந்துகொண்டே வந்தது. 2024 செப்டம்பரில் வாயேஜர் 2-இன் பிளாஸ்மா கருவியை அணைத்தார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-இன் காஸ்மிக் கதிர்க் கருவி, மார்ச்சில் வாயேஜர் 2-இன் மின்னேற்றத் துகள் கருவி. அப்போது ஒவ்வொன்றிலும் மிஞ்சியவை மூன்று. கிளம்பும்போது பத்து அறிவியல் கருவிகள் இருந்தன.

இத்தனையும் மிச்சம் பிடித்து எதற்குக் கொடுக்கிறார்கள்? ரேடியோவுக்கு. அதன் டிரான்ஸ்மிட்டர் 23 வாட் அளவு. அதை 3.7 மீட்டர் கிண்ண ஆன்டெனாவில் குவித்து அனுப்பினால், வாயேஜர் 1-இலிருந்து 23 மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து பூமிக்கு வருகிறது. இங்கே 70 மீட்டர் ஆன்டெனா வைத்துக் கேட்கிறார்கள். நொடிக்கு 160 பிட்டுகள். ஒரு வாட்ஸ்அப் படம் வர மணிக்கணக்காகும். (கலத்தில் ஒட்டியிருக்கும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. அது தனிப் பஞ்சாயத்து.)

எரிபொருளுக்கு வேலை வரும் இடம் இங்கேதான். ஆன்டெனாவின் கதிர் அரை டிகிரி அகலம்தான். கலம் கொஞ்சம் திரும்பிவிட்டால் பேச்சு பூமியில் விழாது. 2023 ஜூலையில் ஒரு தப்பான கட்டளையால் வாயேஜர் 2-இன் ஆன்டெனா 2 டிகிரி விலகிப் பேச்சே நின்றுபோனது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து முழு பலத்தில் கத்தித்தான் ஆகஸ்ட் 4-இல் திரும்ப வைத்தார்கள். அப்படித் திரும்பாமல் முகத்தைப் பூமி பக்கமே வைத்துக்கொள்ள, சூரியனையும் ஒரு நட்சத்திரத்தையும் பார்த்துப் பார்த்துச் சின்னச் சின்ன உந்திகளை இயக்கிக்கொள்கிறது. அவற்றின் எரிபொருள் ஹைட்ரசீன். கொளுத்த வேண்டியதில்லை, ஒரு வினையூக்கியின் மேல் பட்டதும் வாயுவாகச் சிதறிப் பீறிடும். உந்தும் விசை உள்ளங்கையில் ஒரு தக்காளியை வைத்த கனம். அதுவும் ஒரு தடவைக்கு மில்லிநொடிக் கணக்கில்தான். இப்படிச் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்பதால்தான் 1977-இல் ஊற்றிய ஹைட்ரசீன் இன்னும் தீரவில்லை.

ஆனால் ஹைட்ரசீன் 2 டிகிரியில் உறைந்துவிடும், ஏறக்குறையத் தண்ணீர் மாதிரி. ஆகவே குழாய்க்கு ஹீட்டர் வேண்டும், ஹீட்டருக்கு மின்சாரம் வேண்டும். எரிபொருளும் மின்சாரமும் முடிச்சுப்போட்டுக்கொள்ளும் இடம் இது. இன்னொரு தொல்லை, தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. அது வயதாகி, அதிலிருந்து சிலிக்கான் டை ஆக்சைடு வந்து குழாயில் படிகிறது. 0.25 மில்லிமீட்டர் இருந்த ஒரு துவாரம் 0.035 மில்லிமீட்டராகிவிட்டது. தலைமுடியில் பாதி. உப்புத் தண்ணீரில் ஷவர் அடைத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே ஊசி வைத்துக் குத்த ஆளில்லை.

அடைத்துக்கொண்ட உந்தியை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறுவதுதான் வழி. வாயேஜர் 1-இல் பாதை திருத்தும் உந்திகள் நான்கு, 1980 நவம்பர் 8-க்குப் பிறகு ஒருமுறைகூட இயக்கப்படாமல் கிடந்தன. 2017 நவம்பர் 28-இல் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, 10 மில்லிநொடித் துடிப்பாக அவற்றை இயக்கிப் பார்த்தார்கள். 19 மணி 35 நிமிஷம் காத்திருந்தபின் பதில் வந்தது. வேலை செய்கிறது! முப்பத்தேழு வருஷம் கொட்டகையில் கிடந்த வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனதுபோல.

2025-இல் அதே வாயேஜர் 1-இல் நடந்தது அதைவிடப் பயங்கரம். கலம் தன்னைத்தானே சுழலாமல் பிடித்துவைக்கும் முதன்மை உந்திகள் 2004-லேயே செத்துவிட்டதாக எழுதிவைத்திருந்தார்கள், அவற்றின் இரண்டு ஹீட்டருக்கு மின்சாரம் போகாததால். மாற்று உந்திகளை வைத்தே இருபது வருஷம் ஓட்டியாயிற்று. இப்போது அவையும் அடைக்கத் தொடங்கின. அப்போதுதான் யாருக்கோ தோன்றியது: ஹீட்டர் கெடவில்லை, ஒரு சுவிட்ச் தப்பான பக்கம் விழுந்திருந்தால்? சோதிக்க வேண்டுமென்றால் முதலில் அந்தச் செத்த உந்திகளை உயிர்ப்பிக்க வேண்டும், பிறகு ஹீட்டரை. இடைப்பட்ட நேரத்தில் கலம் நட்சத்திரத்தைவிட்டு விலகினால், குளிர்ந்த உந்தி தானாகவே இயங்கும். அப்படி இயங்கினால் சின்ன வெடிப்பே நடக்கலாம். அந்த மே மாதம் கான்பெரா ஆன்டெனாவைப் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடவிருந்தார்கள், அதற்குள் முடித்தாக வேண்டியிருந்தது. கட்டளையை அனுப்பிவிட்டு, போக 23 மணி நேரம், வர 23 மணி நேரம் என்று உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 20-இல் வந்த தகவலில் ஹீட்டர்களின் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறியிருந்தது.

திசைபிடித்து நிற்பதுதான் உயிர் என்பதற்கு இன்னொரு சாட்சி டான் என்ற கலம். செனான் அயனி இன்ஜின், பெரிய சோலார் இறக்கைகள், வெஸ்டா, சீரிஸ் என்று இரண்டு குறுங்கோள்களைச் சுற்றிய ஒரே கலம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடத்தில்தான் இருந்தது. 2018 அக்டோபர் கடைசியில் ஹைட்ரசீன் தீர்ந்தது. ஆன்டெனாவைப் பூமி பக்கம் திருப்ப முடியவில்லை, இறக்கையைச் சூரியன் பக்கம் திருப்ப முடியவில்லை. கதை முடிந்தது. இப்போதும் சீரிஸைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, பேச்சு மூச்சில்லாமல்.

வாயேஜர்களுக்கும் ஒருநாள் அது வரும். கடைசிக் கருவிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் சேர்த்துக் கொடுக்க மின்சாரம் பத்தாத நாள். அன்றைக்கும் அடுப்பு அணைந்திருக்காது. 1977-இல் 7,200 வாட் வெப்பம் தந்த அந்த உருண்டைகள் 2065 வாக்கில் 3,600 வாட் தந்துகொண்டிருக்கும். இரண்டு பெரிய கீஸருக்குக் கொஞ்சம் குறைவான சூடு, அதே நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில்.